பிளேக் வரைந்த உவமை

கேள்வி: சென்ற இதழில் வில்லியம் பிளேக்கின் ‘இரக்கம்’ என்ற நீர்வண்ண ஓவியத்தை வெளியிட்டு, அது ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தைச் சார்ந்தது என்று குறிப்பிட்டிருந்தீர்கள். நாடகம் முழுவதும் தேடியும், குதிரைமேல் வருபவர் குழந்தையை ஏந்திச் செல்லும் காட்சி எதுவும் இல்லையே? ஓவியர் மூலத்தைப் படிக்காமலே வரைந்துவிட்டாரா?

பதில்: படித்தார், சொல் சொல்லாகப் படித்தார். நீங்கள் நிகழ்ச்சிகளில் தேடியது வசனத்தில் இருக்கிறது. முதல் அங்கத்தின் ஏழாம் காட்சியில், விருந்தினராக வந்த மன்னர் டங்கன் உள்ளே உணவருந்திக்கொண்டிருக்க, மேக்பெத் தனியே வந்து நின்று, அவருக்கு உறவினனும் குடிமகனுமாகிய தான், வீட்டுக்கு வந்தவரைக் காக்க வேண்டிய தானே, அவரைக் கொல்வது தகுமா என்று தன் மனத்தோடு வாதாடுகிறான். கொன்றால், புயலின்மேல் ஏறிவரும் பச்சிளங்குழந்தையைப் போலவும், கண்ணுக்குப் புலனாகாத காற்றுக் குதிரைகளில் வரும் வானவரைப் போலவும் இரக்கம் எழுந்து, அந்தக் கொடுமையை ஒவ்வொருவர் கண்ணிலும் ஊதிவிடும், கண்ணீரில் காற்றே மூழ்கும் என்கிறான். இந்த உவமைக்குத்தான் பிளேக் உடல் கொடுத்தார். ஒரு நாடகத்தைத் தீட்டுவதென்றால் மேடையில் நடப்பதை மட்டுமே தீட்ட வேண்டும் என்ற விதியை நான் ஏற்கவில்லை.

குதிரைகளின் கண்களைப் பாருங்கள். ‘புலனாகாத’ என்ற பொருளில் ஷேக்ஸ்பியர் ஆண்ட ஆங்கிலச் சொல்லுக்குப் ‘பார்வையற்ற’ என்ற பொருளும் உண்டு. பிளேக் அதைப் பற்றிக்கொண்டதால், இருண்ட வானில் பாயும் அவை குருட்டுக் குதிரைகளாகத் தெரிகின்றன. மூலத்தைப் படிக்காதவருக்கு இது எப்படித் தோன்றியிருக்கும்? கீழே மல்லாந்து கிடக்கும் பெண் மட்டும் அந்த வரிகளில் இல்லை. அவளைச் சேர்த்தவர் பிளேக். அந்த அளவுக்கு உங்கள் ஐயம் நியாயமானது.

நாங்கள் திருத்திக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. 1795ஆம் ஆண்டளவில் உருவான இதை நீர்வண்ண ஓவியம் என்று மட்டும் சொன்னது போதாது. அட்டையில் வண்ணம் தீட்டி, ஈரம் உலருமுன் தாளில் அழுத்தி அச்செடுத்து, அதன்மேல் மையாலும் நீர்வண்ணத்தாலும் நிறைவு செய்தார். நாங்கள் வெளியிட்டது லண்டன் டேட் காட்சியகத்தின் பிரதி. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் ஒன்று இருக்கிறது.

அதே காட்சியை இன்னும் சிறிது தூரம் படியுங்கள். மேக்பெத் பேசி முடிக்கும்போது வந்து சேரும் அவன் மனைவி, உன்னைப்போல் நானும் சபதம் செய்திருந்தால், என் முகம் பார்த்துச் சிரித்துப் பால் குடிக்கும் குழந்தையையும் பிடுங்கி மோதிக் கொன்றிருப்பேன் என்கிறாள்.