ரெவ் லிமிட்டைக் கூட்டலாமா? கேட்டவர்களுக்கு என் பதில்

கிளிநொச்சியில் இஞ்சின் பிரித்துப் பூட்டுகிற வேலை என்னுடையது. ரெவ் லிமிட், அதாவது இஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்பிஎம்) வரை போகலாம் என்கிற எல்லை பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன, எல்லாவற்றுக்கும் ஒன்றாக எழுதுகிறேன்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): அண்ணை, பழைய கொரோலாவுக்கு 4ஏ-ஜீஈ 16 வால்வ் இஞ்சின் ஏற்றி, பெரிய கேமும் (வால்வைத் திறக்கிற தண்டு) வேற ஈசியூவும் (இஞ்சின் கொம்பியூட்டர்) போட்டாச்சு. 7500இல் வெட்டுது. 8500க்கு விடலாமா?

பதில்: தம்பி, ஈசியூவில் நம்பரை மாற்ற அரை நிமிடம் போதும், அதனால்தான் எல்லாரும் அதில் தொடங்குகிறார்கள். அது கடைசி வேலை. 7500இலிருந்து 8500 என்பது 13 வீதம்தான், ஆனால் கொன்றொட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கிற தண்டு) போல்ட்டில் விழுகிற இழுவை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் 28 வீதம் கூடிவிடும். அதிலும் மோசமான இடம் எக்ஸோஸ்ட் அடியின் (பிஸ்டன் புகையை வெளியே தள்ளுகிற ஓட்டம்) உச்சி. அங்கே பிஸ்டனைக் கீழே அமுக்க காஸ் கிடையாது, ஓடி வந்த பிஸ்டனை நிறுத்தித் திருப்பி இழுப்பது முழுக்க அந்த இரண்டு போல்ட்டுந்தான். புளொக்கின் வெளியே விலாவை எண்ணிப் பாரும். மூன்று விலா என்றால் கிராங் பின் (கிராங்கில் கொன்றொட் பூட்டுகிற இடம்) 40 மில்லிமீற்றர், ஏழு விலா என்றால் 42, கொன்றொட்டும் தடிப்பு. மூன்று விலாவில் பழைய போல்ட்டோடு 8500 என்றால் நான் கை வைக்க மாட்டேன்.

அடுத்தது வால்வ் ஸ்பிரிங். பெரிய கேம் போட்டதாக எழுதியிருக்கிறீர், ஸ்பிரிங் பற்றி ஒரு வார்த்தை இல்லையே? ஸ்பிரிங் பலம் காணாவிட்டால் கேம் இறங்கிய பிறகும் வால்வ் மூடாமல் மிதக்கும், பிஸ்டன் வந்து அதில் இடிக்கும். முழு லிஃப்ட்டில், அதாவது வால்வ் முழுதாகத் திறந்திருக்கும்போது, ஸ்பிரிங்கின் சுருள்களுக்கிடையே மொத்தம் 1.5 மில்லிமீற்றராவது மிஞ்ச வேண்டும். பிஸ்டன் தலையில் களிமண் வைத்துக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, வெட்டித் தடிப்பை அளந்து பாரும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே இன்டேக்கில் 2, எக்ஸோஸ்ட்டில் 2.5 மில்லிமீற்றர் இருந்தால் நிம்மதி. இந்த இஞ்சினில் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்கிற தகடு) பக்கெற்றுக்கு (கேம் அமுக்குகிற கிண்ணம்) மேலே இருப்பதால் உயரமான கேமும் அதிக ரெவ்வும் சேர்ந்தால் அதைக் கக்கிவிடும், ஷிம் கீழே இருக்கிற பக்கெற்றுக்கு மாற்றும். ஒயில் பிரஷருக்கு 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது பழைய கணக்கு, நான் இன்னும் அதைத்தான் பார்க்கிறேன்.

கேள்வி (மாங்குளம்): என்னிடம் 1என்செட் இஞ்சின் உள்ள கொரோலா, ஒன்றும் மாற்றவில்லை. ஹொண்டா எஸ்2000 கார் 9000 சுற்றுகிறதே, இதை 7500க்கு விட்டால் என்ன?

பதில்: சத்தம் வரும். இந்த இஞ்சினின் உச்ச பவர் 6000இல், அதுக்குப் பிறகு கேமும் ஹெட்டும் காற்றுக் கொடுக்காது. எஸ்2000இன் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம்) 84 மில்லிமீற்றர், உங்களது 84.7, கிட்டத்தட்ட ஒன்றுதான். 9000இல் அதன் பிஸ்டன் சராசரியாகச் செக்கனுக்கு 25 மீற்றர் ஓடுகிறது. அதைத் தாங்கவே ஃபோர்ஜ் பண்ணின பிஸ்டனோடு ஹொண்டா அதைச் செய்தது. டைனோவில் (பவர் அளக்கிற மெஷின்) கிராஃப் எடுத்துப் பாருங்கள், பவர் சரிகிற இடத்துக்குச் சில நூறு ஆர்பிஎம் மேலே லிமிட் இருந்தால் போதும்.

கேள்வி (முல்லைத்தீவு): லிமிட்டர் இருக்கும்போது இஞ்சின் எப்படி உடையும்?

பதில்: லிமிட்டர் பெற்றோலையோ ஸ்பார்க்கையோதான் வெட்டும், சில்லு இஞ்சினைச் சுழற்றினால் அதால் ஒன்றும் செய்ய முடியாது. மூன்றாம் கியரில் 7000இல் நிற்கிறீர்கள், நான்குக்கு இழுத்தது இரண்டில் விழுந்தால் 10,000ஐத் தாண்டிவிடும். அப்படி வந்த ஒரு ஹெட்டைக் கழற்றினேன், எட்டு வால்வ் வளைந்திருந்தது. ஓட்டி வந்த பையன் "லிமிட்டர் வேலை செய்யேல்லை" என்று என்னோடு சண்டை. தேய்ந்த இஞ்சின் மவுண்டை முதலில் மாற்றுங்கள், கியர் தவறி விழ அதுவும் ஒரு காரணம்.

கேள்வி (பரந்தன்): லாண்ட்மாஸ்டரின் (இரண்டு சில்லு ட்ரக்டர்) கவர்னர் (இஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது) ஸ்பிரிங்கை இறுக்கினால் பெட்டியோடு வேகமாகப் போகலாமாம், உண்மையா?

பதில்: போகலாம், பிரேக் எங்கே இருக்கிறது என்று முதலில் சொல்லும். தொடாதீர்.

கேள்வி (வவுனியா): எல்லாம் செய்து முடித்தேன். 8000க்கு ஏ9இல் விட்டுப் பார்க்கலாமா?

பதில்: இரவில் ரோட்டில் மாடு படுத்திருக்கிறதைப் பார்த்ததில்லையா? டைனோவில் 250 ஆர்பிஎம், 250 ஆர்பிஎம்மாக ஏற்றுங்கள், ஒவ்வொரு முறையும் ஒயில் பிரஷரைப் பாருங்கள். ஒயில் ஃபில்டரை வெட்டி விரித்துப் பார்க்க மறக்க வேண்டாம். மினுமினுக்கிற தூள் கண்டால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு பேரிங்கைக் கழற்றுங்கள்.