கோல் இந்தியாவின் ரொக்க விகிதத்தை எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி: அரசின் நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியாவின் பங்கு வாங்கலாம் என்றிருக்கிறேன். ‘ரொக்கமும் ரொக்கத்துக்கு இணையானவையும்’ என்ற வரியை நடப்புப் பொறுப்புகளால் (ஓராண்டுக்குள் தீர்க்க வேண்டியவை) வகுத்தால் ரொக்க விகிதம் மிகக் குறைவாக வருகிறது. கம்பெனிக்குப் பணத் தட்டுப்பாடா?

பதில்: அந்த ஒரு வரியை வைத்து முடிவு கட்டாதீர்கள். மூன்று மாதத்துக்குள் முதிரும் டெபாசிட்டுகள்தான் அதில் வரும். ஓராண்டுக்குள் முதிர்பவை ‘இதர வங்கி இருப்பு’ என்று அடுத்த வரியில் இருக்கும். கோல் இந்தியாவின் பெரும்பணம் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு: ரொக்கம் 40 கோடி, இதர வங்கி இருப்பு 260 கோடி, குறுகிய கால மியூச்சுவல் ஃபண்ட் 50 கோடி, நடப்புப் பொறுப்புகள் 500 கோடி. முதல் வரியை மட்டும் எடுத்தால் 0.08. மூன்றையும் கூட்டினால் 0.70. ஒரே கம்பெனிதான், ஆனால் வாசிப்பு எவ்வளவு மாறுகிறது பாருங்கள்!

பிறகு கழிக்க வேண்டியதைக் கழியுங்கள். வழக்குகளுக்காகக் கட்டிய பணம், சுரங்கம் மூடுவதற்கான எஸ்க்ரோ கணக்கு (அந்தச் செலவுக்கென்றே ஒதுக்கிப் பூட்டிவைத்த பணம்), வங்கி உத்தரவாதத்துக்கு அடமானமான டெபாசிட் எதுவும் அவசரத்துக்கு உதவாது. விவரம் கணக்குக் குறிப்புகளில் இருக்கும்; பொறுமையாகப் படியுங்கள்.

பொறுப்புகளும் எல்லாம் ஒரே ரகமல்ல. வாடிக்கையாளர் தந்த முன்பணத்தை நிலக்கரி அனுப்பித்தான் தீர்ப்பார்கள், அதற்குத் தனியாக ரொக்கம் எடுத்துவைக்க வேண்டியதில்லை. சம்பளப் பாக்கி அப்படியல்ல. 2021 ஜூலை முதல் அமலாக வேண்டிய 11-ஆவது நிலக்கரித் தொழிலாளர் ஊதிய ஒப்பந்தம் 2023 மே மாதம்தான் கையெழுத்தானது. அதுவரை ஒதுக்கீடாகச் சேர்ந்துகொண்டே வந்த தொகையை ரொக்கமாகத்தான் கொடுத்தாக வேண்டும்.

இன்னொன்றை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். மார்ச் 31 கணக்கோடு நிறுத்தாதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை உற்பத்தி உச்சத்தில் இருக்கும். மழைக்காலத்தில் திறந்தவெளிச் சுரங்கங்களில் தண்ணீர் தேங்கி உற்பத்தி சரியும், சம்பளமோ குறையாது. அதனால் செப்டம்பர் 30 அரையாண்டுக் கணக்கிலும் இதே விகிதத்தைப் போட்டுப் பாருங்கள்.

கணக்கை, துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த அறிக்கையில்தான் போட வேண்டும். கொல்கத்தா தலைமை நிறுவனத்தின் தனி அறிக்கையில் வருமானம் பெரும்பாலும் துணை நிறுவனங்கள் தரும் டிவிடெண்டுதான். நிலக்கரி விற்ற பணம் அந்தத் துணை நிறுவனங்களில் இருக்கிறது. இத்தனையும் பார்த்த பிறகும் விகிதம் தொடர்ந்து சரிந்தால், மின்வாரியங்களிடம் நிற்கும் பாக்கி எவ்வளவு, எத்தனை நாளாக நிற்கிறது என்று தேடுங்கள்.