காவடி எடுக்க மறுக்கும் 14 வயது மகனை வற்புறுத்தலாமா?

வற்புறுத்தாதீர்கள். போன வருடம் வரை மொரீஷியஸின் கோர் தெ கார்ட் மலை முருகன் கோயிலுக்கு ஆசையோடு காவடி தூக்கிய பையன் இந்தத் தைப்பூசத்துக்கு மறுக்கிறான் என்பதால், அவன் சாமியையோ உங்களையோ உதறிவிட்டான் என்று ஆகாது.

"பள்ளி நண்பர்கள் பார்ப்பார்கள்" என்று அவன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. எல்லோருடைய கண்ணும் தன்மேல்தான் என்ற உணர்வு இந்த வயதில் மிகக் கூர்மையாக இருக்கும். உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967இல் இதற்குக் 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்று பெயரிட்டார். ஆனால் மொரீஷியஸில் தைப்பூசத்தன்று பொது விடுமுறை. வெறுங்காலோடு வீதியில் நடப்பவனை வகுப்புத் தோழர்கள் உண்மையிலேயே பார்க்கக்கூடும். ஆகவே அவன் கூச்சத்தை அற்பம் என்று தள்ளாதீர்கள்.

ஒன்று செய்து பாருங்கள். உறவினர்கள் இல்லாத நேரத்தில், அவனுக்கு வசதியான கிரியோல் மொழியிலேயே, "காவடி வேண்டாம், வீட்டில் எங்களோடு விரதம் மட்டும் இருக்கிறாயா?" என்று கேளுங்கள். சரி என்றால் தடை பெரும்பாலும் ஊரார் பார்ப்பார்கள் என்ற கூச்சம்தான். அதற்கும் மாட்டேன் என்றால் நம்பிக்கையைப் பற்றியே யோசிக்கிறானாக இருக்கலாம். காரணத்தைக் கேளுங்கள், தயவுசெய்து பதிலுக்கு வாதாடாதீர்கள். கேள்வி கேட்டு, அலசி, பிறகு தானே ஏற்பதுதான் உறுதியான அடையாளம் என்று 1966இல் உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா விளக்கினார்.

இவை கூச்சத்துக்கும் நம்பிக்கை பற்றிய கேள்விக்கும் மட்டுமே பொருந்தும். தூக்கம், சாப்பாடு குறைந்து, நண்பர்களையும் தவிர்க்கிறான் என்றால், பள்ளியில் யாராவது அவனைக் கேலி செய்து வதைக்கிறார்களா என்று வகுப்பாசிரியரிடம் உடனே விசாரியுங்கள், மருத்துவரிடமும் காட்டுங்கள்.