கெலாட்டோ கஞ்சா ஐஸ்கிரீம் மாதிரி இனிக்குமா?

கேள்வி: கெலாட்டோ என்ற கலப்பினக் கஞ்சாவின் தன்மைகள் என்ன? பேருக்கேற்ற சுவை உண்டா?

இனிக்காது. நாக்கில் வைத்தால் மற்ற கஞ்சா மொட்டுகள் மாதிரி இதுவும் கசக்கத்தான் செய்யும், இனிப்பெல்லாம் மூக்கோடு சரி. கலிபோர்னியாவில், ஓக்லாந்தில், உரிமம் பெற்ற ஒரு கடையில் மூன்று வருடமாகக் கவுண்டரில் நிற்கிறேன், தினமும் யாராவது இதைக் கேட்காமல் போவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்த ரகம் பிறந்ததே இங்கே சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில்தான். சன்செட் ஷெர்பெட், தின் மின்ட் குக்கீஸ் என்ற இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கினார்கள். தாய்க்கும் தகப்பனுக்கும் தின்பண்டப் பேர், பிள்ளைக்கும் அதே வழக்கப்படி கெலாட்டோ என்ற இத்தாலிய ஐஸ்கிரீமின் பேர். மற்றபடி எசன்ஸோ சர்க்கரையோ எதுவும் சேர்ப்பதில்லை. ஒரே கலப்பில் முளைத்த செடிகளும் அண்ணன் தம்பி மாதிரி ஆளுக்கொரு விதமாக இருக்கும் என்பதால் எண் போட்டுப் பிரித்தார்கள். அதில் 33ஆம் எண் ரொம்பப் பிரபலம், கூடைப்பந்து வீரர் லாரி பேர்டின் சட்டை எண்ணும் 33 என்பதால் அவர் பேரிலேயே அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு.

நல்ல கெலாட்டோ மொட்டு கெட்டியாக, கரும்பச்சையில் ஊதா ஓடி, மேலே ஆரஞ்சு நார்களும் பொடி உப்பைத் தூவிய மாதிரி வெள்ளைப் பிசின் துகள்களுமாக இருக்கும். ஜாடி மூடியைத் திறந்ததும் முதலில் பாலேடு மாதிரி ஒரு இனிப்பு வாசனை, அப்புறம் ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறினால் வருமே அது, கடைசியில் தொண்டையைத் தொடுகிற ஒரு காரம். அந்தக் காரம் வேறெதுவும் இல்லை, நம் மிளகிலும் கிராம்பிலும் இருக்கிற கேரியோஃபிலின்தான். ஆரஞ்சு வாசனைக்கு லிமோனின். கொத்தமல்லி விதையில் இருக்கிற லினலூலும் இதில் உண்டு. எல்லாமே காற்றில் பறக்கிற எண்ணெய்கள், அதனால் மாதக்கணக்கில் கிடந்த பாக்கெட்டில் காய்ந்த புல் வாசனைதான் மிஞ்சும், வாங்கும்போது தேதியைப் பாருங்கள்.

வாசனை மென்மையாக இருக்கிறதே என்று போதையும் மென்மையாக இருக்கும் என நினைக்கக் கூடாது, இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். போதை தரும் வேதிப்பொருளான டிஎச்சி 20 முதல் 25 சதவீதம் என்று போட்ட பாக்கெட்டுகள்தான் எங்கள் கடைக்கு அதிகம் வருகின்றன, அது பழக்கமில்லாதவருக்கு மிக அதிகம். முதலில் தலை லேசாகி உற்சாகம் வரும், போகப் போக உடம்பு தளரும் என்பது வாங்குகிறவர்கள் பொதுவாகச் சொல்வது. போன வருடம் ஒரு இளைஞர் ஜாடியை முகர்ந்துவிட்டு “இது லேசானதுதானே” என்று வாங்கிப் போனார், மறுநாள் வந்து, நெஞ்சு படபடவென்று அடித்ததில் மூன்று மணி நேரம் குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன் என்றார். விற்கும்போதே நான் எச்சரித்திருக்க வேண்டும், அது இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து முதலில் சதவீதத்தைக் காட்டிவிட்டுத்தான் ஜாடியையே திறக்கிறேன்.

இன்னொன்று, விசாவிலோ கிரீன் கார்டிலோ இங்கே இருக்கும் நம்மவர்களுக்கு. கலிபோர்னியாவில் 21 வயதானவர்களுக்கு 2018இலிருந்து கடையில் சட்டப்படி விற்கிறார்கள், ஆனால் அமெரிக்க மத்திய அரசின் சட்டத்தில் இது இன்னும் குற்றம், குடியேற்ற அதிகாரிகள் பார்ப்பது அந்தச் சட்டத்தைத்தான். பயன்படுத்தினேன் என்று ஒப்புக்கொண்டாலே சிக்கலாகலாம். நானே குடியுரிமை கைக்கு வந்த பிறகுதான் இந்த வேலையில் சேர்ந்தேன்.