ஆலோசனை தவறாகப் போனாலும் கன்சல்டன்ட்டுக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை?

அவர்களைக் கூப்பிடுகிறவர்களுக்கும் பொறுப்பு வேண்டாம், அதனால்தான். கன்சல்டன்ட்டுகளில் நான் பார்த்தவர்கள் பெரும்பாலும் கெட்டிக்காரர்கள்.

நான் நிதிப் பிரிவில் வேலை பார்த்த ஒரு நிறுவனத்துக்கு இப்படி ஒரு குழு வந்தது. இரண்டு கிடங்குகளில் ஒன்றை மூடலாமா என்று பார்க்க வந்ததாகச் சொன்னார்கள். கிடங்கு மேற்பார்வையாளரிடம் மணிக்கணக்கில் பேசினார்கள். "ஆர்டர் குவிகிற மாதங்களில் ஒரே கிடங்கு தாங்காது சார்" என்றார் அவர். முதல் வரைவில் அதற்கென்று தனி ஸ்லைடே இருந்தது. வரைவு எம்.டி. மேசைக்குப் போய்த் திரும்பியபோது பின்னிணைப்பில், பொடி எழுத்தில் ஒரு வரியாகக் கிடந்தது. மூடுவதென்று அவர் எப்போதோ முடிவு செய்துவிட்டார். அதை வெளியாள் வாயால் சொல்ல வைக்கத்தான் அவ்வளவு ஃபீஸ். மூடினோம். டெலிவரி சொதப்பியபோது குழு வேறு நிறுவனத்தில் இருந்தது. 'செயல்படுத்தியதில் குறை' என்று எழுதி, நிர்வாகத்தில் மேற்பார்வையாளரிடமே விளக்கம் கேட்டார்கள்.

ஒப்பந்தமும் அவர்களுக்குச் சாதகம்தான். அறிக்கையைக் கொடுத்ததும் ஃபீஸ் வந்துவிடும், பலன் தெரிய வருடக்கணக்காகும். நஷ்டஈடு வாங்கிய ஃபீஸைத் தாண்டாது என்று பெரும்பாலும் ஒரு ஷரத்து இருக்கும். வழக்குப் போடலாமே என்றால், இதற்கு ஒப்புதல் தந்தது யார் என்ற கேள்வி முதலில் வரும். எந்த எம்.டி. போடுவார்?

கணக்கு மோசடியில் சிக்கிய அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் 2001 டிசம்பரில் திவாலானது. அதன் கணக்கைத் தணிக்கை செய்த ஆர்தர் ஆண்டர்சன் மறு வருடமே கிட்டத்தட்ட இல்லாமல் போனது. என்ரானுக்குப் பல வருடம் ஆலோசனை சொன்ன மெக்கின்சி என்ற கன்சல்டிங் நிறுவனத்தின் மேல் அந்த விவகாரத்தில் குற்ற வழக்கு எதுவும் வரவில்லை. தணிக்கையாளர் கையெழுத்துப் போட்டாக வேண்டும், ஆலோசகருக்கு அந்தத் தொல்லை கிடையாது.

மெக்கின்சி பிற்பாடு மாட்டியது ஓபியாய்டு எனப்படும், அடிமையாக்கக்கூடிய வலி மாத்திரைகளின் விற்பனையைப் பெருக்கச் சொன்ன யோசனைகளுக்காக. அமெரிக்க மாநிலங்களுக்கு 2021-ல் 57.3 கோடி டாலர், 2024-ல் அமெரிக்க மத்திய அரசின் நீதித் துறைக்கு 65 கோடி டாலர் என்று சமரசத்துக்கு வந்தது. அங்கேயும் கேள்வி கேட்டது அரசுகள்தான்.

கூப்பிடுகிற இடத்தில் நீங்கள் இருந்தால், ஃபீஸில் ஒரு பகுதியைப் பலனைப் பார்த்துத் தருவதாகப் பேசிப் பாருங்கள். சிலர் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் எதைப் பலன் என்று எண்ணுவது என்பதை நீங்களே எழுதுங்கள். செலவு குறைந்த கணக்கு முதல் வருடமே வந்துவிடும். கைவிட்டுப் போன வாடிக்கையாளர் கணக்கு அப்புறம்தான் வரும்.