விழுந்த குருவிக்குப் பால் வேண்டாம்

கேள்வி: இன்று அதிகாலை எங்கள் வராந்தாவில் ஒரு குருவி விழுந்து கிடந்தது. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், வாலடியில் சிவப்பு. கையில் எடுத்தால் உடம்பு கொதிக்கிறது. காய்ச்சலா? பால் புகட்டலாமா? பறவைக் கடைக்காரர் ஒருவர் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். கொடுத்துவிடலாமா? – கும்பகோணம் வாசகர்

பதில்: காய்ச்சல் இல்லை. பறவைகளுக்கு இயல்பான உடல் வெப்பமே சுமார் 40 டிகிரி செல்சியஸ். அதற்கு மேலும் இருக்கும்.

வந்திருப்பது ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே இலங்கை வரை வரும். பயணம் இரவில்தான். கிளம்புமுன் சேர்த்த கொழுப்பு தீர்ந்துவிட்டால் நெஞ்சுச் சதையையே எரித்துப் பறக்கும். அப்போது மார்பெலும்பு கத்திபோல் துருத்தி நிற்கும். விளக்கெரியும் சன்னல் கண்ணாடியில் மோதி விழுவதும் உண்டு.

முதலில் கையிலிருந்து கீழே விடுங்கள். நமக்கு இருப்பதுபோல் பறவைக்கு உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் உடம்பெங்கும் உள்ள காற்றுப்பைகளுக்குள் மூச்சு போய்வரும். பாசத்தோடு இறுக்கிப் பிடித்தாலும் அது மூச்சு முட்டிச் செத்துப்போகும். பால் கூடவே கூடாது, செரிக்காது. தண்ணீரையும் வாயில் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருப்பதால் ஊற்றுவது நுரையீரலுக்குப் போய்விடும். வாட்ஸ்அப்பில் சுற்றும் 'சங்கடையில் (பாலாடையில்) புகட்டுங்கள்' யோசனையால் போன உயிர்கள் கொஞ்சமல்ல.

துளையிட்ட அட்டைப்பெட்டி, அடியில் பழந்துணி, இருட்டு, அமைதி. இரண்டு மணி நேரம் திறந்து திறந்து பார்க்காமல் இருப்பதுதான் வைத்தியம்.

கடைக்காரருக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். 'பார்த்துக்கொள்கிறேன்' என்றால் விற்றுக்கொள்கிறேன் என்று பொருள். வண்ணக் குருவி, ராசியான குருவி என்று கதை கட்டி விலை பேசுவார்கள். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம், வீட்டில் வளர்ப்பதும் குற்றம்.

பெட்டி வைத்தியத்துக்கு ஒரே ஒரு விதிவிலக்கு, உழவாரன் என்ற பறவை. கருத்த உடம்பு, அரிவாள் வளைவில் நீண்ட இறக்கை, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத கால். நம் பனைமரங்களில் கூடு கட்டுமே, அந்த இனம். தரையில் விழுந்தால் அதற்கு எழும்புவது பெரும்பாடு. களைப்புதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. காயம் எதுவும் இல்லையென்றால் பெட்டி வேண்டாம். திறந்தவெளியில், விரித்த உள்ளங்கையில் வைத்துக் கையை உயர்த்திப் பிடியுங்கள். தானே தாவிப் பறக்கும். மேலே வீசி எறியாதீர்கள். பறந்துவிடும் என்று நம்பி வீசுகிறார்கள், அது கல்லாக விழுகிறது. உங்களிடம் இருப்பது உழவாரன் அல்ல என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆறுமணிக்குருவி தெளிந்து பெட்டிக்குள் தத்தினால், அந்தி மங்கும் நேரத்தில் காகத் தொல்லை இல்லாத புதரடியில் திறந்து விடுங்கள். இறக்கை தொங்கினால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். எப்படியானாலும் வனத்துறைக்கு இப்போதே தொலைபேசுங்கள். 'இது எங்கள் சரகம் இல்லை' என்று இன்னோர் எண் தருவார்கள். அங்கே கூப்பிட்டால் முதல் எண்ணையே திருப்பித் தருவார்கள். பேசியவர் பெயரையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். குருவி பறந்துவிட்டால் அதையும் சொல்லிவிடுங்கள். அதற்குள் அவர்கள் கிளம்பியிருக்க மாட்டார்கள்.