தெரிந்துகொண்டே ஏன் கேட்கிறீர்கள்?

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. சுவரில் கிறுக்கிவிட்டு, கிரேயானைக் கையில் வைத்துக்கொண்டே 'நான் இல்லை' என்று சாதிக்கிறான். திட்டினேன், அடித்தும் பார்த்துவிட்டேன். பொய் கூடிக்கொண்டேதான் போகிறது. பெரியவனானாலும் இப்படியே இருந்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள், அம்மா. ஆறு வயதில் பொய்யே சொல்லாத பிள்ளை அபூர்வம். மூன்று வயதுவாக்கில் தொடங்கிவிடுகிறது. 'எனக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாம்' என்று புரிந்தால்தானே பொய் சொல்ல வரும்? மனம் வளர்வதன் அடையாளம் அது.

என்னை உறுத்தியது 'அடித்தும் பார்த்துவிட்டேன்' என்ற வரிதான். விக்டோரியா தல்வார், காங் லீ என்ற இரு ஆய்வாளர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளின் மழலையரை ஒப்பிட்டு, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பள்ளியில் பிரம்படி உண்டு, மற்றதில் இல்லை. 'பொம்மையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது' என்று சொல்லிப் பிள்ளையைத் தனியே விட்டார்கள். இரண்டு பள்ளியிலும் பெரும்பாலானவர்கள் பார்த்துவிட்டார்கள். விசாரித்தபோது அடி வாங்கும் பள்ளிப் பிள்ளைகள்தான் அதிகம் மறைத்தார்கள். மாட்டிக்கொள்ளாமல் மறைக்கவும் தேர்ந்திருந்தார்கள். அடி பொய்யை நிறுத்தவில்லை, பழக்கிவிட்டது.

அதனால், பதில் தெரிந்த கேள்வியைக் கேட்காதீர்கள். 'யார் கிறுக்கினது?' என்று நீங்கள் முறைத்தால் அவனுக்குத் தெரிகிற ஒரே வழி 'நான் இல்லை'. 'சுவரெல்லாம் கிறுக்கலாக இருக்கிறதே, துணியை எடுத்து வா, துடைக்கலாம்' என்று சொல்லிப் பாருங்கள். பொய்க்கு அங்கே வேலையே இல்லை. துடைக்கும் வேலை மட்டும் அவனுடையதாகவே இருக்கட்டும்.

என்ன நடந்தது என்று நிஜமாகவே உங்களுக்குத் தெரியாதபோது, 'உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷம்' என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். சொன்னான் என்றால் அந்த வார்த்தையைக் காப்பாற்றுங்கள். அந்த நேரத்தில் குரலை உயர்த்தினால் அடுத்த முறை சொல்ல மாட்டான்.

'புலி வருது' கதை சொல்லிப் பயமுறுத்துவதாலும் பெரிய பலன் இல்லை. 2014இல் வந்த ஓர் ஆய்வில், பொய் சொல்லிக் கெட்ட சிறுவனின் கதை பிள்ளைகளை மாற்றவில்லை. உண்மையை ஒப்புக்கொண்டு பாராட்டுப் பெற்ற சிறுவனின் கதைதான் மாற்றியது.

திருட்டு, மற்ற பிள்ளைகளைத் துன்புறுத்துவது போன்றவையும் சேர்ந்து வந்தால் மட்டும் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை.

அப்புறம், அடித்ததற்கு அவனிடம் வருத்தம் சொல்லிவிடுங்கள். நீட்டி முழக்க வேண்டாம். 'அம்மா அடித்தது தப்பு, இனிமேல் அடிக்க மாட்டேன்' என்றால் போதும்.